தாடியின் கம்பளித் தொப்பி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெண்ணெய் டப்பாவிலிருந்து கிடைத்தது. பூனைக்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் அந்த டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். "ஸ்வீட்டா சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இல்ல, தாடியோட கக்கா. காலையில ஆறு அம்பதுக்குப் போனது" என்றார், மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இனி வருவதெல்லாம் என் கற்பனை. புளுகு என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாலைவனம் தன் கடைசி மூச்சை—'

வேண்டாம். டப்பாக்காரரின் ஓணானுக்கு வயிற்றில் புழு. அதற்குப் பாலைவனத்தை எதற்கு இழுப்பானேன்?

இரண்டாவது: அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது என்று முப்பது வருடமாக எழுதிப் பழகிய கை, வீட்டிலும் சும்மா இருக்காது. வேலை கிடைத்து வெளிநாடு போன மகள், தான் வளர்த்த தாடி ஓணானை அவரிடம் விட்டுப் போனாள். முழங்கை நீளம், கழுத்தடியில் முள் முள்ளாகத் தாடி. பெயரும் தாடிதான். அன்றைக்கே அவர் ஒரு நோட்டில் கட்டம் போட்டார். தாடி தின்ற நேரம், கழிந்த நேரம், எடை. கடைசிக் கட்டத்தில் 'போன்'. அதாவது மகள் பேசிய நேரம்.

சரி, இது நிற்கும்.

3

தாடி இளைத்தது. நானூற்று முப்பது கிராம் இருந்தது முந்நூற்று எண்பத்தைந்துக்கு வந்தது. வெட்டுக்கிளியை மூக்குக்கு நேரே காட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு, "ஊசிப்புழு. முட்டை கொத்துக் கொத்தா இருக்கு" என்றார். எடைக்குத் தக்கபடி வெள்ளை மருந்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் கொதிக்கவைக்க வேண்டும், முடியாததைத் தூக்கி எறிய வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் முட்டையை நக்கி, போன புழுவைத் தாடியே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும்.

கல்லையும் கிண்ணத்தையும் கொதிக்கவைத்தார். மரக்கட்டையை எறிந்தார். ஊசி இல்லாத சிரிஞ்சை நீட்டியபோது தாடி கழுத்தைக் கறுப்பாக உப்பவைத்துக் காட்டியது. "கோவப்படாதடா ராசா, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சி மருந்தை உள்ளே விட்டார்.

புழு விஷயத்தை மெசேஜில் பார்த்த மகள் அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டாள்.

"அப்பா, தாடி சாப்ட்டானா?"

"ரெண்டு கீரை இலை தின்னான்மா."

"வெயிட்டு?"

"முந்நூத்தித் தொண்ணூறு."

"சரி, நாளைக்குக் கூப்புடறேன்."

இப்படித் தாடியைப் பற்றியே பேசி முடித்ததும், பதினோரு நிமிடம் என்று எழுதிக்கொண்டார். அவர் சாப்பிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. அது அவருக்கு உறைக்கவும் இல்லை. அந்தக் குரல் பதினோரு நிமிடம் வீட்டுக்குள் இருந்ததே! மகளுக்காக அவர் எவ்வளவு ஏங்கினார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ரொம்ப.*

* மனைவி எங்கே என்பீர்கள். முதல் பிரதியில் இருந்தாள். இரண்டாம் பக்கத்திலேயே வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு அலசிவிட்டாள். கதை முடிந்துபோயிற்று. அதனால் எடுத்துவிட்டேன்.

4

இரண்டு தடவை மருந்து கொடுத்த பிறகும் முட்டை இருந்தது.

"எல்லாத்தையும் கொதிக்க வெச்சீங்களா சார்?" டாக்டரம்மா அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"வெச்சேன் டாக்டர்."

"எதுல தூங்கறான்?"

"பொண்ணோட கம்பளித் தொப்பியில."

"அதையும் வெச்சீங்களா?"

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

ஏன் விட்டுவிட்டார்? தொப்பியில் மகளின் தலைவாசனை இருந்தது என்று உருக்கமாக ஒரு பக்கம் எழுதினேன். (அழகான பக்கம். கிழித்துவிட்டேன்.) அதற்கப்புறம்தான் நோட்டின் கடைசிக் கட்டம் என் கண்ணில் பட்டது. புழு வருவதற்கு முன் மாதத்துக்கு இரண்டு போன். வந்த பிறகு ஒரு நாள் தவறவில்லை.

வேண்டுமென்றேதான் விட்டாரா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. மறந்துபோச்சு என்பார். முப்பது வருடத்தில் ஒரு வண்டியைக்கூடக் குறிக்க மறக்காதவர்.

டாக்டரம்மாவும் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நோட்டை மூடிவைத்தார்.

"தாடிக்குக் குணமானாலும் போன் வரும் சார்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டரம்மா நோட்டை அவர் பக்கம் தள்ளினார். "இன்னும் எடை எறங்குனா அவன் தாங்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார்.

5

அன்று சாயங்காலமே தொப்பி கொதித்தது. சுருங்கிப்போய்ப் பொம்மைக்குப் போடுகிற அளவு ஆனது. அவர் அதைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அது காயும்வரை பக்கத்திலேயே நின்றார். மறுபடியும் மருந்து, மறுபடியும் பதினைந்து நாள், மறுபடியும் வெண்ணெய் டப்பா.

காலை பத்து பதினெட்டுக்கு டாக்டரம்மா போன் செய்தார். "ஒரு முட்டைகூட இல்ல சார்!"

எடை நானூற்றுப் பத்து. பெட்டிக்குள் தாடி முன்னங்கையைத் தூக்கி, அதன் இனம் செய்கிற மாதிரி, மெல்ல வட்டமாக ஆட்டியது. அவரும் பதிலுக்குக் கை ஆட்டினார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. கூடவே பயமும்.

மகள் வேலையில் இருப்பாள், தொந்தரவு கூடாது என்று அவராக ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இன்று எண்ணை அழுத்திவிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? தாடிக்கு என்னாச்சு?"

6

அவர் சொல்வதற்கு இரண்டு வாக்கியம் எழுதிவைத்திருக்கிறேன்.

"புழு இன்னும் போகலம்மா."

"தாடி நல்லா இருக்கான்மா. எனக்குத்தான் உங்கிட்ட பேசணும்போல இருந்துச்சு."

ஒன்றை அடித்துவிடுங்கள். என்னால் ஆகாது. தடுப்பூசி போட்டுவந்து துள்ளி விளையாடும் பூனைக்கு இன்னும் காய்ச்சல் என்று போனில் மகனிடம் சொல்லிக்கொண்டிருப்பவனை நம்பி இந்த முடிவை விடக் கூடாது. சீக்கிரம், அவள் லைனில் இருக்கிறாள்.