கம்பத்தில் பச்சை

கம்ப்யூட்டரில் ‘ஆம்’ என்று தட்டிய பிறகுதான் செல்வம்மாள் அக்கா ஓடி வந்தாள். ஒரு நிமிஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? மீன் செதில் ஒட்டிய பழைய போன் ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

“ஹேமா, செவப்பு போடு. ஒங்க அண்ணன் கடல்ல கீறாரு.”

இன்று கடலில் யாரும் இருக்கக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பொன்னுரங்கம் பெரியவர் இறந்துபோனார். குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை ஒரு படகும் இறங்காது. அதை நம்பித்தான் மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட வேலையை இன்றைக்கு எடுத்தேன். முகத்துவாரத்து மணல் திட்டில் ஒரு கேமராவும், கம்பத்தில் ஒரு விளக்கும் இருக்கின்றன. அலை அடங்கியிருந்தால் பச்சை, படகு கடலிலிருந்து ஏரிக்குள் வரலாம். அலை உடைந்தால் சிவப்பு, வெளியே காத்திருக்க வேண்டும். இரண்டும் இந்த அறை அலமாரியில் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகத்தான் எனக்குக் கட்டுப்படும். அதன் சாஃப்ட்வேரை மாற்றப் பன்னிரண்டு நிமிஷம். அதுவரை நான் குருடி. காலையில் நான் போட்ட பச்சை அங்கே அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

‘உபயோகம் இல்லாத நேரத்தில் செய்யவும்’ என்று சென்னையிலிருந்து வந்த மெயிலில் போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்து ஏரியில் கட்டியிருந்த படகுகளை எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. சாவு விழுந்தது ஐந்து மணிக்கு, அக்காவின் வீட்டுக்காரர் துளசிங்கம் அண்ணன் கிளம்பியது மூன்று மணிக்கு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

“போன் போடுங்கக்கா” என்றேன். அவள் கையில் இருந்ததை நீட்டினாள். அதுதான் அவர் போன்.

வெளியே அலையைக் கிளப்பும் தெற்குக் காற்று பிடித்திருந்தது. சாவு வீட்டில் வெடி வெடித்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

“இதான் ஹேமா பயமா கீது. ஒரு வாரமா அவரப் பெத்த நைனா படுத்த படுக்கையா கீறாரில்ல? வெடிச் சத்தம் கேட்டா நம்ம ஊட்லதான்னு நெனச்சிப்பாரு. அலையப் பாக்க மாட்டாரு. பச்சை வேற எரியுது, அடிச்சி ஏறி வந்துடுவாரு.”

“நைனா எப்டி கீறாரு?”

“இப்பதான் கஞ்சி குடிச்சாரு.”

சாவு வீட்டில் இருந்த என் தம்பி கேசவனுக்கு ஆறு தடவை போன் அடித்தேன், வெடியை நிறுத்தச் சொல்ல. பறைச் சத்தத்தில் எங்கே எடுப்பான்? படகெடுத்துக் கம்பத்துக்குப் போக அரை மணியாகும். திரையில் நாற்பத்தொரு சதவீதம். அங்கேயே நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிடக் கை போனது. பாதியில் பிடுங்கினால் ஸ்விட்ச் மறுபடி எழுந்திருக்காது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, அக்காவுக்கு முன்னால் அழப் பயமாக இருந்தது.

எழுபது. தொண்ணூறு. ஸ்விட்சில் எல்லா விளக்கும் அணைந்தது. அணைய வேண்டியதுதான், தெரியும். ஆனாலும் உயிர் போய் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மஞ்சளில் மினுக்கி, பச்சைக்கு மாறின.

திரையில் முகத்துவாரம் வந்தது. வாய் முழுக்க நுரை. நுரைக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படகு, இந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு. சிவப்பை அழுத்தினேன். கம்பத்தில் சிவப்பு எரிந்தது.

படகு தயங்கியது. பின்பக்கம் ஓர் ஆள் எழுந்து நின்றார். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, ஊர்ப் பக்கம் எழும்பிய வெடிப் புகையைப் பார்த்தார்.

அடுத்த வெடி வெடித்தது.

“நைனா நல்லாத்தான் கீறாருய்யா!” என்று அக்கா திரையைப் பார்த்துக் கத்தினாள். இங்கிருந்து படகோடு பேச அந்தக் கேமராவில் வழி கிடையாது. அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, படகைக் கடல் பக்கமாகத் தள்ளுகிறவள் மாதிரி அழுத்தினாள். படகு கைக்குக் கீழே மறைந்துபோனது. விரல்களைச் சுற்றி வெள்ளை நுரை மட்டும் தெரிந்தது.