வாறன் என்று சொல்ல முடியாதவள்

1

இந்தக் கதை ஒரு மன உறுத்தலில் பிறந்தது. யாருடைய உறுத்தல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் கதையை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பீர்கள்.

முதல் தொடக்கம்: மட்டக்களப்பு வாவியில் காலை வெயில் பொன்னாக... வேண்டாம். வாவியைக் காட்டி வாசகரை மயக்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

இரண்டாவது: காலை ஆறு மணிக்குப் பட்ரிசியா பக்கத்து வீட்டுக் கோணாமலையைப் புரட்டிப் போட்டாள்.

இது இருக்கட்டும்.

2

கோணாமலை வாவியில் வலை வீசியவர். பாரிசவாதம் வந்து படுத்து மூன்று வருடம். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பட்ரிசியா போர்த்துக்கீச வழிவந்த பறங்கிப் பெண், கணவனை இழந்தவள், பூசை தவறாத கத்தோலிக்கக்காரி. அவருக்கு அவள் எந்த உறவும் இல்லை. இருந்தும் தினமும் உடம்பு துடைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுகிறாள். அவள் போனால் அவருக்கு வேறு கை இல்லை.

(இவ்வளவு நல்லவளை யார் நம்புவார்கள்? எனக்கே சந்தேகம். அதனால் கொஞ்சம் கோபம் சேர்த்தேன்: சில நாள் துணியை வாளிக்குள் விசிறியெறிந்து, "ஆண்டவரே, வேற ஆள் கிடைக்கல்லயா உமக்கு?" என்பாள். இப்போது நம்பலாம்.)

3

மகன் ஜேமி மெல்பேர்னில் இருக்கிறான். தாய்க்கு நிரந்தர விசா எடுத்துவிட்டான். இம்மாத முடிவுக்குள் போய் இறங்காவிட்டால் அது செல்லாது.

"மம்மி, அவரக் கடவுள் பாத்துக்குவார்."

"பாப்பார் மகன். புரட்டிப் போட ஆள் வேணுமே."

"எவ்வளவு காலத்துக்கு மத்தவங்களுக்கே உழைப்பீங்க? உங்களுக்கெண்டு இஞ்ச ஒரு ரூம் இரிக்கு."

அவளுக்கு இடுப்பு நோகிறது. பேரப்பிள்ளையை வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். போகத்தான் ஆசை. அதை நான் மறைத்து எழுத மாட்டேன்.

4

சிக்கல் ஒரு சொல்லில் இருக்கிறது. எங்கள் பக்கம் விடைபெறும்போது "போறன்" என்பதில்லை, "வாறன்" என்போம். ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவது செத்தவீட்டில் மட்டும்தான்.

பட்ரிசியாவோ ஆண்டவருக்குப் பயந்து பொய்யை விட்டவள். திரும்பி வராதவள் "வாறன்" என்றால் பொய். "போறன்" என்றால் அவர் முகத்தில் அடித்ததாகும். பேசாமல் போனால், உயிரோடு இருப்பவரைப் பிணமாக்கியதாகும்.

5

முடிவு அ: "வாறன்" என்று சொல்லிவிட்டு, மெல்பேர்ன் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். பரவாயில்லை, ஆனால்...

முடிவு ஆ: தங்கிவிடுகிறாள். சுவாமியார் பிரசங்கத்தில் புகழ்கிறார். சிலுவையை அவள் தோளில் ஏற்றிவிட்டு நான் தேநீர் குடிக்கப் போகலாம். வெட்கமாக இருக்கிறது.

முடிவு இ: கோணாமலையே சொல்கிறார். "நீ ஒண்டும் சொல்லாத புள்ள. நான் சொல்றன். போயித்து வா."

இதை எழுதியதும் பேனா நின்றது. அவர் இப்படிச் சொன்ன பிறகு அவள் எப்படிப் போவாள்? எப்படித்தான் போகாமல் இருப்பாள்?

6

சொல்வதாகச் சொன்னேன். என் அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, "மறுகா வாறன் அப்பா" என்று, பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினேன். ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சை. வேலை கிடைத்தது. அப்பா கண்மூடும்வரை மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம்.

எனக்கு அந்தச் சொல் தடையில்லாமல் வந்தது. அதனால்தான் பட்ரிசியாவின் வாயில் எந்தச் சொல்லையும் வைக்க என்னால் முடியவில்லை. களைத்துவிட்டேன்.

விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே வருகிறாள். கோணாமலை அவளைத்தான் பார்க்கிறார்.

"அண்ணன்," என்கிறாள்.

அடுத்த சொல்லை நீங்கள் சொல்லுங்கள். மனதுக்குள் வேண்டாம். வாயைத் திறந்து, அவருக்குக் கேட்கும்படி.