சலாபத்தின் முதல் குரல்

மேசைக்கு எதிரே வந்து நின்ற ஆளை ஜெபசுதா லாரிக்காரர் என்றே நினைத்தாள். துறைமுகச் சாலையில் இருக்கும் அந்தக் கப்பல் ஏஜென்சிக்கு மதிய நேரத்தில் வேறு யார் வரப்போகிறார்கள்? கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பேப்பர் நாலு மணிக்குத்தான் அண்ணாச்சி ரெடியாகும்" என்றாள்.

"ஏளா, முடி கொட்டினா அண்ணாச்சி ஆயிருவனா?"

நிமிர்ந்தாள். ரெக்சன். முன்னந்தலை வழுக்கை விழுந்து, மிச்ச முடியைப் பின்னால் கட்டியிருந்தான். ஒரே ஊரில் இருந்துகொண்டு பத்து வருஷம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து அவன் ஒரு வாசலில் வெளியே வந்தால் அவள் மறுவாசலில் போய்விடுவாள்.

"பேண்டுக்குப் பதினஞ்சு வருஷம் ஆகுது. அடுத்த மாசம் காலேஜ் ஆடிட்டோரியத்துல சாயங்கால ஷோ. 'பத்துப் பாகம்' நீதான் பாடணும். ஞாயித்துக்கிழமை பிராக்டீஸ், அதே குடோன்" என்றவன், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

பேண்டுக்குச் சலாபம் என்று பேர் வைத்தது ஹுதைஃபா. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதற்கு வழங்கிய பேர் அது. ஒரே கல்லூரியில் படித்த நாலு பேர் அவர்கள். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வருவான் ஹுதைஃபா. அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்து ஐம்பது வயலின்களை எழுப்புவான். ஜெயகணேஷ் டிரம்ஸ். அவன் அப்பாவின் உப்புக் குடோனில்தான் பிராக்டீஸ். உப்புக்காற்றில் ரெக்சனின் கிட்டார்க் கம்பிகள் வாரத்துக்கொரு தடவை துருவேறும். கோயில் பாடகர் குழுவில் மேல் குரலான சோப்ரானோ பாடிக்கொண்டிருந்த ஜெபசுதாவை அவன்தான் அழைத்துவந்தான்.

"மெட்டல் பாட்டுன்னா கத்தணும்லா? எனக்கு வராது" என்றாள்.

"கத்துத வேலைய நாங்க பாத்துக்கிடுதோம். நீ கோயில்ல பாடுத மாதிரியே பாடு."

அன்றைக்குக் கிட்டாரும் டிரம்ஸும் தகரக்கூரையை அதிரவைத்தன. அதற்கு மேலே வயலின்கள். எல்லாவற்றுக்கும் மேலே போய் நின்றது அவள் குரல். தன் தொண்டைக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனாள்.

'பத்துப் பாகம்' அவர்கள் நாலு பேரும் சேர்ந்து செய்த எட்டு நிமிடப் பாட்டு. பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்துக்கு முத்தெடுக்க மூழ்கிப்போகிற ஒரு குளியாளின் கதை. கடைசியில் அவன் மேலே ஏறி வரும்போது சொற்களே கிடையாது. அவள் குரல் மட்டும் படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கும். திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று போன இடத்திலெல்லாம் அந்த இடத்தில் கூட்டம் மூச்சுவிடாது. மேடையிலிருந்து இறங்கியதும் நாலு பேரும் ஒரே தட்டில் புரோட்டாவைப் பிய்த்துத் தின்பார்கள்.

பெங்களூரில் நடக்கவிருந்த பேண்டுப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் ரெக்சனுக்குப் போன் போட்டு, "எனக்கு வேலை கெடைச்சிட்டு. இனிமே வரமாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். போட்டிக்கு யாரும் போகவில்லை.

மறுவருஷம் ஹுதைஃபா துபாய்க்குப் போனான். ஜெயகணேஷ் உப்பு வியாபாரத்தைக் கையிலெடுத்தான், குடோனை மட்டும் விட்டுக்கொடுத்தான். ரெக்சன் ஒருத்தனே மிச்சம். ஆனாலும் பேண்டை விடவில்லை. டிரம்ஸுக்கு மட்டும் நாலு பேர் மாறினார்கள். கீபோர்டுக்கு ஒரு சர்ச் ஆர்கன்காரர் வந்து, ஆறு மாதத்தில் காது வலிக்கிறது என்று போனார். பாட பானுப்ரியா வந்தாள், கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஒரு வருஷம் பாட ஆளே இல்லை. பிறகு விளாத்திகுளத்திலிருந்து ரம்யா வந்தாள்.

இதெல்லாம் ஜெபசுதாவுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வீடியோவையும் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தாள். பானுப்ரியாவுக்கு அந்த உச்சியில் குரல் உடைந்தபோது ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டாள். அப்புறம் வெட்கப்பட்டு டிபன்பாக்ஸை மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குப் போனாள். ரம்யாவும் மற்றவர்களும் இன்னும் வந்திருக்கவில்லை. ரெக்சன் மட்டும் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னால பாட முடியாது ரெக்சா."

"வீட்டுல ஏதும் சொல்லுதாங்களா?"

"அதில்ல. தொண்டைல முடிச்சு விழுந்துட்டு. அப்பவே. டாக்டர் ஆபரேஷன் பண்ணாரு, ஆனா மேல் குரல் திரும்பல. இப்பப் பேசுதேன்லா, இதுக்கு மேல ஏறாது."

அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டான்.

"பெங்களூருக்கு முன்னாடியா?"

"ஆமா."

"வேலைக்காக எங்கள விட்டுட்டுப் போயிட்டன்னு பத்து வருசமா ஒன்னயத் திட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப? வேற ஆள் தேடியிருக்க மாட்ட. ஜெபா வருவா, ஜெபா வருவான்னு காத்துக் கெடந்திருப்ப. நான் வரவே முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

அவன் ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "வலிச்சுதா?" என்று கேட்டான்.

பத்து வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அம்மாகூட ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்றுதான் கேட்டாள். ஜெபசுதாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மற்றவர்கள் வந்ததும் அவள் சுவரோரம் நின்று கேட்டாள். ரம்யாவுடையது அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடி வளர்ந்த திறந்த குரல். கடைசி ஏற்றத்தில் அவள் உச்சிக்குப் படியேறவில்லை. கீழிருந்தே இழுத்து, தொண்டையைத் திறந்து, ஒரே வீச்சில் போய் நின்றாள். நான் பாடியது இதுவல்ல என்று ஜெபசுதாவுக்குத் தோன்றியது. ஆனால் குளியாளுக்கு மூச்சு முட்டுவது இதில் கேட்டது.

"ஷோவுக்கு நம்ம கோயில்லேருந்து எட்டுப் பேர் கோரஸுக்கு வாராங்க" என்றான் ரெக்சன். "ஆல்ட்டோவுக்கு ஆள் கம்மி."

"கீழ்க் குரலா? அது எனக்கு இருக்கு."

ஷோ அன்று ஹுதைஃபா துபாயிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். ஜெயகணேஷ் முதல் வரிசையில் தொப்பையைத் தொடையில் வைத்து உட்கார்ந்து, தாளத்துக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஜெபசுதா பின்வரிசையில் மற்றவர்களைப்போலக் கறுப்புச் சேலையில் நின்றாள். யாரும் அவளை மைக்கில் அறிமுகப்படுத்தவில்லை. வேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

'பத்துப் பாகம்' தொடங்கியது. முன்னால் நின்று பாடிய ஐந்து வருஷமும் தன் குரலுக்கு அடியில் என்ன ஒலிக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. இப்போது கேட்டாள். கடைசி ஏற்றத்தில் ரம்யா மூச்சை இழுத்தபோது, எட்டுப் பேரும் அவளும் அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துத் தாங்கினார்கள். ரம்யா அதன்மேல் கால் வைத்து எழும்பிப் போனாள்.

மேடையிலிருந்து இறங்கும்போது ரெக்சன் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே வந்தான்.

"அடுத்த ஞாயிறு வருதியா?"

"ரெண்டாம் பூசை முடிஞ்சு வாரேன்" என்றாள் ஜெபசுதா.