மூன்று தலையணை

பித்தப்பையை எடுத்தது வயிற்றில். வலித்தது வலது தோள். அதுவும் உட்கார்ந்தால், நின்றால் மட்டும். படுத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனால் தோளில் ஆணி இறங்கும். எனக்கே புரியவில்லை. நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது.

"வேலைன்னா வலிக்குது, படுக்கைன்னா சரியாப்போகுது. நல்ல வியாதிடி. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

அவருக்கு அதே பித்தப்பையை முன்பு வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். விலாவுக்குக் கீழே ஒரு சாண் தழும்பு. எனக்கு நாலு சின்னப் பிளாஸ்திரி. இரண்டையும் பார்த்து வலியையும் அளந்துவிட்டார்.

"துணைக்குன்னு வந்தேன். இவளுக்கு ஒண்ணுமில்லடா. நாளைக்குக் கிளம்பறேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி மடிக்க ஆரம்பித்தார்.

என் கணவர் டைல்ஸ் போடுகிறவர். தரையில் நூலளவு கோணலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அக்கா சொன்னதை மட்டும் அளந்து பார்க்கவில்லை. முதுகுக்கு மூன்று தலையணை முட்டுக்கொடுத்து என்னை நிமிர்த்தி உட்காரவைத்தார். "நீயும் கொஞ்சம் முயற்சி பண்ணேன்."

அந்தக் 'கொஞ்சம்' எனக்குள் கொதித்தது. இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன்.

"கேமரா உள்ள போக இடம் வேணுமே, வயித்துல காத்து ஏத்தித்தான் ஆபரேஷன் பண்ணுவாங்க" என்றார் நர்ஸ். "மிச்சக் காத்து கரைய ரெண்டு மூணு நாளாகும். வயித்துக்கு மேல கூரை மாதிரி ஒரு தசை இருக்கு. காத்து போய் அதை உறுத்தும். அதோட நரம்பு கழுத்துலேர்ந்து வர்றதால வலி தோள்ல தெரியும். வீட்டுக்கு அனுப்பறப்ப சொல்லலையா?"

ஒருவரும் சொல்லவில்லை.

கணவரின் பையிலிருந்து ரசமட்டத்தை உருவினேன். தரை சரியாக இருக்கிறதா என்று அவர் தினமும் வைத்துப் பார்ப்பது. கண்ணாடிக்குள் ஒரு குமிழி. இருவர் முன்னாலும் அதைச் செங்குத்தாக நிறுத்தினேன். குமிழி மேல்முனைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"நான் உக்காந்தா இப்படி. முட்டுக்குடுத்தீங்களே, காத்த மேல ஏத்திவிட்டீங்க."

கிடத்தினேன். குமிழி நடுவுக்கு வந்தது.

கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனாரின் கையில் பாதி மடித்த துணி.

"நீங்க சொன்னது சரிதாங்க்கா. படுத்தா வலிக்காது. நடிப்பு இல்ல, காத்து."

மூன்று தலையணைகளையும் ஒவ்வொன்றாக உருவி நாத்தனாரின் பெட்டிமேல் எறிந்தேன். வலி வந்தால் தலைக்கு ஒன்றும் வைக்காமல் மல்லாந்து படுக்கவேண்டும். படுத்தேன். ஆணி மெல்லக் கழன்றது.