நாலாவது எலுமிச்சம்பழம்

தீர்த்தகிரிக்கும் கோகிலவாணிக்கும் நடந்த கடைசிச் சண்டை ஒரு சட்டையைப் பற்றியது. விடிந்தும் விடியாமலும் தண்ணீர் லாரியின் கதவைத் திறந்துகொண்டு நின்ற புருசனை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, சட்டையத் திருப்பிப் போட்டுருக்கறீங்க. தையலெல்லாம் வெளிய பல்லக் காட்டுது."

"இருக்கட்டும் புள்ள. அங்க போனா அவங்களே புதுச்சட்ட குடுப்பாங்க. அதுக்குள்ள இதக் கழட்டி மாட்டோணுமாக்கும்?"

அன்று சாயங்காலம் அவர் இருக்கமாட்டார் என்று தெரிந்திருந்தால் அவள் வேறு எதையாவது பேசியிருப்பாள். தெரியாததால், சேந்தமங்கலம் தாண்டும்வரை சட்டையைப் பற்றியே பேசினாள்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கார் விளம்பரம் எடுத்தார்கள். சாலை பளபளவென்று நனைந்திருக்க வேண்டுமென்று தீர்த்தகிரியின் லாரியை அமர்த்தியிருந்தார்கள். பேச வந்த இயக்குநர் நவீன்குமார் அவருடைய மீசையில் மயங்கி, "கார் போறப்ப ஓரமா நின்னு சிரிச்சுக்கிட்டே கையசைக்கணும்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். டீக்கடை, உரக்கடை, முடிவெட்டும் கடை என்று ஊரில் அவர் சொல்லாத இடம் பாக்கியில்லை.

கோகிலவாணி கூடக் கிளம்பியதற்குக் காரணம் வேறு. அவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம்கூட வீட்டில் கிடையாது. நேரில் எந்நேரமும் கெக்கெக்கே என்று சிரிக்கிற மனுசன், கேமராவைக் கண்டால் அரிவாள் பிடித்த காவல்சாமியாகிவிடுவார். கல்யாணப் படத்தில் ஆட்டைத் திருடியவனைப் பிடித்துவிட்ட மாதிரி நிற்பார். டீவியிலாவது சிரித்துத் தொலையட்டும் என்று அவளுக்கு ஆசை.

"எங்க, இப்பச் சிரிங்க பாக்கலாம்."

சிரித்துக் காட்டினார்.

"வேண்டாமுங்க. சொத்தப்பல்லு வலிக்கிறவராட்டம் இருக்கறீங்க."

சாலையை நனைத்து முடிக்கவும் கார் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. வெள்ளைக் கார். டயரில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. தீர்த்தகிரி அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உதவி இயக்குநர் யுவஸ்ரீயிடம் கேட்டார்.

"ஏன் அம்மிணி, வண்டிக்குப் பூச போட்டாச்சுங்களா?"

"பூசையா? இது இன்னும் ஷோரூமுக்கே போகலைண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் பொங்கல் சாப்பிடப் போய்விட்டாள். மற்றவர்களும் சாப்பாட்டு வேனுக்குப் பின்னால் இருந்தார்கள்.

தீர்த்தகிரி பூசைச் சாமான் எடுக்க லாரியை நோக்கி நடந்தார்.

"நமக்கெதுக்குங்க? வண்டி அவங்களுது" என்றாள் கோகிலவாணி.

"ரோட்டுல தண்ணி ஊத்துனது நானு. பூச போடாத வண்டி வழுக்கீருச்சுன்னா?"

அன்று அமாவாசை. தன் லாரிக்கென்று வாங்கிய சாமான்களெல்லாம் சீட்டுக்கடியில் இருந்தன. பானெட்டில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். கடைசியாகப் பூசணிக்காயைக் குடைந்து குங்குமத்தைக் கொட்டி, சூடம் ஏற்றிச் சுற்றி, நடுரோட்டில் ஓங்கிப் போட்டு உடைத்தார். நனைந்த சாலை குங்குமத்தை வாங்கிக்கொண்டு வளைவுவரை செக்கச்செவேலென்று ஓடியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொல்லிமலை பஸ் வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸே இறங்கி ஓடிவந்தது. பலாப்பழக் கூடையோடு இறங்கிய ஒரு அம்மாள் ஓரமாக உட்கார்ந்து, "போயிட்டியே என்ர சாமீ" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"ஆருங்க்கா, உங்களுக்குச் சொந்தமுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"தெரியலீங்களே. ஆரா இருந்தாலும் மனுசந்தானுங்க?"

சத்தம் கேட்டு ஓடிவந்த நவீன்குமார் காரைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். "இவருதான் அடிபட்டவரு!" என்று யாரோ கத்த, நாலு பேர் அவரைப் படுக்க வைத்து முகத்தில் சோடா அடித்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, விடுங்கய்யா!"

"அதிர்ச்சியில அப்பிடித்தான் பேசச் சொல்லும். படுங்க சாமி."

ஆம்புலன்ஸ்கூட வந்தது. அதைத் திருப்பி அனுப்பி, பஸ்ஸை ஏற்றிவிட்டு, மூக்கிலிருந்து சோடா ஒழுக எழுந்த நவீன்குமார் தீர்த்தகிரியை நோக்கி விரலை நீட்டினார்.

"இந்த ஆளு முகம் என் படத்துல வரவே கூடாது!"

மீசை தொங்கிப்போயிற்று. புதுச்சட்டையும் வரவில்லை. லாரியை எடுத்து, தான் சிவப்பாக்கிய சாலையைத் தானே கழுவிவிட்டார். கோகிலவாணிக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"உடுங்க. உங்க சிரிப்பப் பாத்தா எவனும் கார் வாங்கமாட்டான்" என்றாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

மலையில் மூடுபனி விலகத் தொடங்கியிருந்தது. ஒருமுறை எடுக்கத்தான் நேரம். பானெட்டைத் துடைத்தவர்கள் டயருக்கடியில் பார்க்கவில்லை. கார் நகர்ந்ததும் மூன்று பழங்கள் சளக் சளக்கென்று நசுங்கின. நாலாவது நழுவி, முழுசாகப் புளியமரத்தைப் பார்த்து உருண்டது.

"அய்யய்யோ, ஒண்ணு நசுங்கலியே புள்ள!"

அவள் பிடிப்பதற்குள் ஓடிவிட்டார். கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பழத்தைப் பிடித்தார். சட்டைப்பை உள்பக்கம் போயிருந்ததால் அதை மடியில் கட்டிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் மறைந்தார். பனியும் போய்விட்டது.

யுவஸ்ரீ திரையில் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "கார் பிரமாதமா இருக்கு சார். ஓரத்துல ஒரு முதுகு மட்டும் விழுந்திருக்கு."

"முகம்?"

"இல்ல சார்."

"அப்ப இருந்து தொலையட்டும்."

திரும்பும் வழியில் கோகிலவாணி, "படுங்க சாமி" என்று சோடா அடித்துக் காட்டினாள். அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. லாரியை ஓரம் கட்டிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"இதத்தான் அங்க சிரிச்சிருக்கோணும்" என்றாள்.

சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார். போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டிருந்தார். மாரடைப்பு என்றார்கள். மாலை போட்டு மாட்ட அந்தக் கல்யாணப் படந்தான் கிடைத்தது.

விளம்பரம் இப்போது கிரிக்கெட்டுக்கு நடுவே வருகிறது. "எங்கக்கா, அண்ணனக் காணோம்?" என்று கேட்கிறவர்களுக்கு அவள் விரலை நீட்டுவதற்குள் கார் வளைவைத் தாண்டிவிடும். வெள்ளைக் கார், நனைந்த சாலை, புளியமரம், குனிகிற ஒரு முதுகு. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டையின் தையல் இன்னும் வெளியேதான் இருக்கிறது.