குழாய் இருமுது

பாத்ரூம் குழாய் இருமுகிறது என்று அப்பா போனில் சொன்னபோது கிருஷ்ணபிரசாத்துக்குச் சிரிப்புதான் வந்தது. ஹைதராபாத் மௌலா அலி வீட்டில் குழாய் இருமுவது புதுசா என்ன? ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். அது வருவதற்கு முன்னால் காலிக் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டு கக், கக் என்று இரண்டு கமறல் கமறும். அப்புறம் நீளமாக ஒரு இழுப்பு இழுக்கும். பிறகுதான் தண்ணீர் கொட்டும். அந்தச் சத்தத்துக்காகவே அவன் அம்மா பகவதி எந்தக் குழாயையும் மூட விடமாட்டாள். "குழாய் இருமுது!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், வீடே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் விலக்கு கிடையாது, பெண் பார்க்க வந்தவர்களுக்கும் கிடையாது.

பகவதிக்கும் இருமல் உண்டு. வீசிங். அதே இரண்டு கமறல், அதே இழுப்பு. "நீயும் குழாயும் ஒரே பள்ளிக்கூடத்துலயா படிச்சீங்க?" என்று கணவர் ஜகதீசன் கேலி செய்வார். அவளுக்குச் சிரிப்பு வரும், சிரிப்போடு இன்னும் நாலு இருமல் சேர்ந்து வரும். போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாத்ரூமில் மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

"நேரங்காலம் இல்லாம இருமுதுடே. நீ வந்து பாரு. நீதான் வரணும்," என்றார் அப்பா.

ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிற மகனுக்கு ஒரு வாஷர் மாற்றத் தெரியாதா என்று அவர் நினைத்திருக்கலாம். தெரியாது. ஆனால் அதை அப்பாவிடம் சொல்லுகிற மகன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புதுக் குழாயும் கடன் வாங்கிய ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு குகட்பள்ளியிலிருந்து கிளம்பினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் வேறு சொன்னான். அவனைக் கணக்கில் சேர்க்காமலே அவள் அரிசி களைந்தாள்.

அவன் மனசில் இருந்தது குழாய் இல்லை. நேற்றுத்தான் தண்ணீர் வந்த நாள், இன்றைக்கு வராது. தண்ணீர் வராத நாளிலும் இருமுகிறது என்கிறாரே, தனியாக இருந்து இருந்து அப்பாவுக்குக் காதில் இல்லாததெல்லாம் கேட்கிறதோ? குழாயை மாற்றின கையோடு அவரைக் குகட்பள்ளிக்குக் கூட்டிவந்து ஒரு டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அதுதான் அவன் போட்டிருந்த திட்டம்.

கதவைத் திறந்த ஜகதீசன் கையில் ஒரு டம்ளர் இருந்தது. ஆவி பறந்தது. காபியோ என்று பார்த்தால் வெறும் வெந்நீர்.

"இப்பத்தான் ஒருக்க இருமிச்சு," என்றார். "நீ ஒரு அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா?"

"வெந்நீர் எதுக்குப்பா?"

அவர் டம்ளரைக் கொண்டுபோய் சமையல் மேடையில் வைத்தார். இருமும்போது பகவதிக்கு வெந்நீர் கொடுப்பது அவர் வழக்கம்.

பாத்ரூமில் எல்லாம் அம்மா வைத்த இடத்திலேயே இருந்தது, மஞ்சள் கறை படிந்த அவளுடைய பிளாஸ்டிக் கப் உட்பட. அவன் வாசலுக்குப் போய்த் தெரு லைன் வால்வை அடைத்துவிட்டு வந்தான். பெரிய ஆள் மாதிரி ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினான். குழாய் கையோடு வந்தது. கூடவே சுவருக்குள் இருந்த திருகுப் பகுதியும் பாதி முறிந்து வந்தது. தண்ணீர் அவன் முகத்தில் அறைந்தது.

"அப்பா! வால்வை அடைச்சேனே, எப்படி வருது?"

"அந்த வால்வு இல்லடே! மாடிக்குப் போ. டேங்க் வால்வை அடை!"

மூச்சிரைக்க மாடிக்கு ஓடி அடைத்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து கீழே வந்தான். ஓட்டைக்குள் ஜகதீசன் பழைய துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"இது தெரு லைன்தானேப்பா?"

"முன்னால அப்படித்தான். அவ குடத்தைத் தூக்கி இடுப்பு ஒடிய வேண்டாம்னு நான்தான் டேங்க் லைனுக்கு மாத்தினேன். அவ போறதுக்கு முந்தின மாசம்."

கிருஷ்ணபிரசாத் துவட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். டேங்க்கிலிருந்து வருகிற குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும். அதில் காற்று ஏது, இருமல் ஏது?

"அப்போ இந்தக் குழாய் இருமவே முடியாதேப்பா."

"ஆமா," என்றார் ஜகதீசன். "அன்னிக்கும் முடியாது."

அவர் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிருஷ்ணபிரசாத்துக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அம்மா இறந்த அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். தண்ணீர் வருகிற நாள். அவன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் கக், கக் என்று கேட்டது. "அம்மாவா இருமுறாங்க?" என்று அவன்தான் கேட்டான். "இல்லடே, குழாய். தண்ணி வருது, வைக்கேன்," என்று அவர் வைத்துவிட்டார். மூன்றாவதாக வருகிற இழுப்பை அவன் கேட்கவில்லை. பாத்ரூமில் பகவதி இருந்ததால் ஜகதீசன் கொல்லைக்கு ஓடி, அங்கே இருந்த தெரு லைன் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் வரவில்லை. தண்ணீர் விடுகிறவனைத் திட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். உள்ளே வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"குழாயை மாத்தினது நான். மாத்தினது எனக்கே ஞாபகம் இல்ல. அத்தனை வருஷம் கேட்ட காதுடே, அது பழக்கத்துல குழாய்னு சொல்லிட்டுது." அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அவ என்னையத்தான் கூப்பிட்டிருக்கா."

"நானும் கேட்டேன்ப்பா. நீங்க சொன்னதும் சரின்னு விட்டுட்டேன். எனக்கு ஒரு சினிமாவுக்கு நேரமாச்சு." இந்தச் சினிமா விஷயத்தை அவன் இதுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"நீயும் கேட்டது தெரியும். அதனாலதான் உன் தங்கச்சி தேஜுவைக் கூப்பிடாம உன்னைக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டவங்க நாம ரெண்டு பேருதான். இப்பக் கேக்குதது அதேதானா, இல்ல எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? நீதான் சொல்லணும். கேக்கும்போதெல்லாம் ஓடுதேன். போனா யாரும் இல்ல."

டாக்டர், குகட்பள்ளி எல்லாவற்றையும் அவன் அப்போதைக்கு விட்டுவிட்டான். "சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்ப்பா," என்றான்.

முறிந்ததை எடுக்க ஆள் வேண்டும். அவன் தெரிந்தவர்களையெல்லாம் போனில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் லாலாகுடாவில் இருக்கிற தங்கை தேஜஸ்வினியைக் கூப்பிட்டான். அவளுக்குத் தெரிந்த பிளம்பர் நாளைக்குத்தான் வருவாராம். "அதுவரைக்கும் தண்ணி இல்லாம என்ன பண்ணுவீங்க? நான் வரேன்," என்று சாம்பாரையும் இரண்டு கேன் தண்ணீரையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வந்ததும் அண்ணனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, முறிந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலம் அப்படி.

"ராக்கெட்டெல்லாம் இப்படித்தான் மாட்டுறீங்களா அண்ணா? ஹைதராபாத் தாங்குமா?"

"நக்கோ தேஜு, சும்மா இரு," என்றான் அவன். ஜகதீசனும் சிரித்துவிட்டார்.

மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வருஷ திவசத்துக்கு அப்புறம் இப்படி ஒன்றாக உட்கார்ந்ததே இல்லை. தேஜஸ்வினி அலமாரியிலிருந்து அம்மாவின் சீட்டுக்கட்டை எடுத்தாள். பகவதி ரம்மியில் பச்சையாக ஏமாற்றுவாள், ஜோக்கரை மடியில் ஒளிப்பாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி ஆடினார்கள். கிருஷ்ணபிரசாத்தின் மனைவி இரண்டு தடவை போன் பண்ணினாள். இரண்டு தடவையும் இதோ கிளம்பிட்டேன் என்று கூசாமல் சொன்னான். முறிந்த குழாய் சீட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பேப்பர் மேல் கிடந்தது. பாதிக் காது பாத்ரூம் பக்கமே இருந்தது அவனுக்கு. அப்பாவும் அப்படித்தான் என்று அவர் சீட்டைத் தப்புத் தப்பாக இறக்குவதிலேயே தெரிந்தது.

வெயில் தாழ்ந்து, மௌலா அலிக் குன்றின் பக்கம் வானம் சிவந்துகொண்டிருந்தது. இனிமேல் கேட்காது, கிளம்பலாம் என்று அவன் சட்டையைத் தேடியபோதுதான் கேட்டது.

கக். கக்.

"குழாய் இருமுதுப்பா!" தேஜஸ்வினி சீட்டைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள். பழக்கம். குடத்துக்காகச் சமையலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி, பேப்பர் மேல் கிடந்த குழாயைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணா, டேங்க் வால்வு அடைச்சிருக்குன்னு சொன்னியே?"

"ஹவ்," என்று அவன் தலையாட்டினான்.

ஜகதீசன் எழுந்திருக்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. கொல்லைக் குழாய்தான்ப்பா என்றால் அவர் நம்பிவிடுவார், நிம்மதியாகத் தூங்கக்கூடச் செய்வார்.

"அம்மாதான்ப்பா," என்றான் கிருஷ்ணபிரசாத்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சமையல் மேடையில் அப்பா நிரப்பி வைத்திருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் வெந்நீரை ஊற்றி அப்பா கையில் கொடுத்தான். தானும் சேர்ந்து பிடித்துக்கொண்டான். இருவரும் பாத்ரூமுக்கு நடந்தார்கள். தேஜஸ்வினி அண்ணனின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

உள்ளே யாரும் இல்லை. சுவர் ஓட்டையில் துண்டு திணித்தபடியே இருந்தது. தரை காய்ந்திருந்தது. மூன்று பேரும் வாசற்படியில் நின்றார்கள்.

அப்போது அந்த இழுப்பு வந்தது. நீளமாக, மெதுவாக, அவர்கள் முகத்துக்கு நேராக. போனில் அவன் கேட்காமல் விட்ட இழுப்பு. அது முடிகிறவரைக்கும் யாரும் நகரவில்லை.

ஜகதீசன் குனிந்து டம்ளரைத் தரையில் வைத்தார்.

"வந்துட்டேன் பகவதி," என்றார். "பிள்ளைங்களும் வந்திருக்கு."

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வெந்நீரில் ஆவி அடங்குகிறவரை மூவரும் அங்கேயே நின்றார்கள். தேஜஸ்வினிதான் முதலில் அழுதாள்.