சங்கிலிப் பாறைக்கு மேலே

துப்பட்டாவின் ஒரு முனையை மகன் சின்னவனின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கணுக்காலில் இறுக்கி முடிந்த பிறகுதான் அவளால் தம்பியின் பக்கம் திரும்ப முடிந்தது. பாறையின் விளிம்பு எட்டிப் போட்டால் நாலு எட்டு. அதற்கு அப்பால் மரங்களின் உச்சி மட்டுமே தெரிந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு விளிம்பாவது, பள்ளமாவது.

“டேய், என்னைப் பாருடா. கண்ணைத் திற.”

திறந்தான். சுருட்டை முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. முகத்தில் சுண்ணாம்பு அடித்தது போல ஒரு வெளுப்பு.

“வாயுதான்க்கா. காலைல வெறும் வயித்துல டீ குடிச்சேன்ல.”

“கை வலிக்குதுன்னு சொன்னியே.”

“இவனைத் தூக்கிட்டு வந்தேன், வலிக்காதா? உன் பிள்ளை ஒரு மூட்டை சிமெண்டு.”

சிரிக்கப் பார்த்தான். பாதிச் சிரிப்பிலேயே பல்லைக் கடித்துக்கொண்டான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், “ஊரையே ஏத்தி இறக்குறவன் நான், என் பாரத்தை எவ ஏத்துக்குவா?” என்பான். லீவு நாளெல்லாம் அக்கா வீட்டில்தான். அக்காவின் மூத்த மகள் பெரியவளுக்கு ஆறு வயது. அவளுக்கும் சின்னவனுக்கும் அவன் மாமா, குதிரை, கிரேன் எல்லாம். மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் இன்றைக்குக் கிளம்பியிருந்தான். அக்கா புருஷனுக்கு இன்றும் ஷிஃப்ட் இருந்தது. “பெரியவங்களே முக்கி முனகி ஏறுற பாதைடா, இதுங்களை வச்சுக்கிட்டு எப்படி?” என்று அவள் தயங்கியபோது, “நான் இருக்கேன்ல” என்றான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அவன் இருந்தால் யாரும் யோசிப்பதில்லை.

சங்கிலிப் பாறை வரைக்கும் ஒரே கும்மாளம்தான். செங்குத்தான வழுக்குப் பாறை. பிடித்து ஏற இரும்புச் சங்கிலி அடித்திருந்தார்கள். பெரியவளை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு தடவை, இறங்கிவந்து சின்னவனைக் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை, மறுபடி பாதிவரை இறங்கி அக்காவுக்குக் கை கொடுக்க ஒரு தடவை என்று ஏறினான். மேலே வந்ததும், “ரெண்டு நிமிஷம்” என்று உட்கார்ந்தவன்தான்.

போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. எழுந்து நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கட்டிய கால் இழுத்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

“நீ பசங்களோட கீழ போய் யாரையாவது கூட்டிட்டு வாக்கா.”

“எப்படிடா போவேன்? ஒரு கையில சங்கிலி, ஒரு கையில இவன். அவளை எங்க விட?”

அவன் பாறையைப் பார்த்தான். பழுதான மெஷினைப் பார்ப்பது போலப் புருவம் சுருங்க, எங்கே கை வைக்கலாம் என்று பார்த்தான். அவனுக்கும் வழி தெரியவில்லை.

“செத்த இரு,” என்றான். “நானே வந்து இறக்கி விடறேன்.”

அப்படியே சாய்ந்தவனை அவள் தோளில் தாங்கினாள். மூச்சு வாங்கியது, பிறகு இடைவெளி விட்டு வாங்கியது. மெல்லப் படுக்க வைத்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“யாராவது இருக்கீங்களா!”

எதிர்ப் பாறை திருப்பிச் சொன்னது. சின்னவன் கையைத் தட்டினான்.

“யாராவது இக்கீங்களா!” என்று அவனும் கத்தினான். பெரியவளும் சேர்ந்துகொண்டாள். மலை மூன்று குரலையும் வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கத்தட்டும், யார் காதிலாவது விழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

மூச்சு நின்றுபோன தம்பியின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். எப்போதோ டிவியில் பார்த்தது. எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம், எதுவும் நினைவில்லை. அழுத்த அழுத்த, சின்னவன் ஏதோ பூச்சியைப் பார்த்துவிட்டு விளிம்புப் பக்கம் நகர்ந்தான். கணுக்காலில் சுருக் சுருக்கென்று இழுத்தது. கையை எடுத்தால் இவன், எடுக்காவிட்டால் அவன். காலை மடக்கிப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே அழுத்தினாள்.

“அம்மா, மாமாவுக்கு வலிக்கும்மா,” என்றாள் பெரியவள். அவள் சிரிப்பு நின்றிருந்தது.

“தம்பியைப் பிடிச்சுக்கோ தங்கம். கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

உச்சியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தபோதும் அவள் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். நடுவயதுக்காரர் இருவர், கூட ஒரு பெண். அந்தப் பெண் நர்ஸாம். குனிந்து கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவள் கைகளைப் பிடித்து மெதுவாக விலக்கினாள்.

“எவ்வளவு நேரமா செஞ்சிட்டிருக்கீங்க?”

அவளுக்குத் தெரியவில்லை.

“உங்க கையில எதுவும் இல்லம்மா,” என்றாள் நர்ஸ். அவள் தன் கையைத்தான் பார்த்தாள்.

ஒருவர் உதவிக்கு ஆள் சொல்லக் கீழே ஓடினார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பாறையில் கால் நிற்காது, பிள்ளைகளோடு முதலில் இறங்கிவிடுங்கள் என்று மற்றவர் வற்புறுத்தினார்.

“இவனைத் தனியா விட்டுட்டா?”

“நான் இங்கயே இருக்கேன்க்கா,” என்றாள் நர்ஸ். கணுக்காலிலிருந்த முடிச்சை அவள்தான் அவிழ்த்தாள். அதே துப்பட்டாவால் சின்னவனை அந்த மனிதரின் முதுகில் கட்டினார்கள். அக்கா தன் தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெரியவளை நடுவில் விட்டு, சங்கிலியைப் பிடித்து இறங்கினார்கள். கீழே பாதை திரும்பும் இடத்தில் போன் உயிர் பெற்றது. தவறிய அழைப்புகள் டிங் டிங்கென்று வரிசையாக விழுந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அப்பா.

“எங்கம்மா இருக்கீங்க? அவன் போனை எடுக்கவே மாட்டேங்கிறான்.”

“வந்துட்டே இருக்கோம்ப்பா.”

“உலை வைக்கணும். அவன் ராத்திரிக்கு இங்கதானே சாப்பிடுவான்? எத்தனை பேருக்கு வைக்கட்டும்?”

முன்னே நடந்துபோகும் அந்த மனிதரின் முதுகில் சின்னவன் தூங்கிவிட்டிருந்தான். தலை அப்படியும் இப்படியும் ஆடியது.

“எல்லாருக்கும் வைங்கப்பா,” என்றாள்.

மலையடிவாரத்தில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்தது. மழை தூற ஆரம்பித்ததும், உள்ளே வந்து உட்காருங்கள் என்றார் டிரைவர். பெரியவள் உடனே ஏறவில்லை. ஒரு குச்சியைப் பொறுக்கித் தன் ஷூவிலிருந்த சேற்றைச் சுரண்டினாள். பிறகு அம்மாவின் காலடியில் குந்தி, “காலைத் தூக்கும்மா” என்று சொல்லி, அவள் செருப்பின் அடியையும் சுரண்டத் தொடங்கினாள்.